கண்ணிமைப் பொழுது – 9: நீர்த்துளியும் ஒரு முழங்கையும்

மார்கழி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் சீகிரியாவுக்குப் போகிறவர்கள் நனைந்து நடுங்கினாலும் கொடுத்துவைத்தவர்கள். குன்றுக்குப் போகும் வழியில், நீர்த்தோட்டத்துக்குள், துளையிட்ட வட்டமான சுண்ணக்கல் பலகைகள் தரையோடு தரையாகக் கிடக்கும். வெயில் காலத்தில் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை நன்றாகப் பெய்து நிலத்தடிக் கால்வாய்களில் நீர் நிறைந்ததும் அந்தத் துளைகள் விழித்துக்கொள்கின்றன. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. உயரத்தில் நிற்கும் நீரின் அழுத்தம் ஒன்றே தாழ்வில் இருக்கும் துளைகள் வழியே நீரைப் பீறிட வைக்கிறது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் நீரூற்று, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் வேலை செய்கிறது.

உடனே எல்லோரும் கைபேசியை நீட்டுகிறார்கள். மழை மூடிய மங்கல் வெளிச்சத்தில் திரையில் விழுவது பெரும்பாலும் வெள்ளைத் தீற்றல்தான். கண் துளித்துளியாகப் பார்த்ததைக் கருவி பஞ்சாக்கிவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறார்கள். கண் உண்மையிலேயே துளித்துளியாகப் பார்த்ததா என்பது வேறு கேள்வி. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

சீகிரியாவை முதன்முதலில் படமெடுத்தவர்களில் ஒருவர் ஜோசப் லாட்டன். கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆங்கிலேயர். 1870-71 காலத்தில் தொல்லியல் குழுவுக்காக அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களைப் பதிவுசெய்தார். அன்று சீகிரியா இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான மாத்தளைக்கு ரயில் கூட வந்திருக்கவில்லை. அது வந்தது 1880இல். அந்தக் காலத்தில் படப்பிடிப்பு என்றால் கண்ணாடித் தட்டு, இரசாயனப் போத்தல்கள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் காட்டுக்குள் சுமந்துகொண்டு போக வேண்டும். தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன்னே கழுவியும் ஆக வேண்டும். உலர்வலயத்து வெயிலில் தட்டு எவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதைத் தம்புள்ளைப் பக்கத்து ஆட்களிடம் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தட்டுகளுக்கு ஒளி விழுந்தால் போதாது, செக்கன் கணக்கில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் அந்தக் காலப் படங்களில் கல்லும் கட்டிடமும் செதுக்கியது போல நிற்கும். காற்றிலாடிய இலை புகையாக இருக்கும். ஓடும் நீர் கண்ணாடி போலவோ பனி போலவோ வழவழப்பாகிவிடும். அசையாமல் நின்ற மனிதர் மட்டுமே முகத்தோடு பதிவானார். மற்றவர் நிழலாகிப் போனார். லாட்டன் 1872இல் இறந்துவிட்டார். ஓடுவதைப் பிடித்து நிறுத்தும் வித்தை வேகமெடுத்தது அவருக்குப் பிறகு.

பிடித்து நிறுத்த இரண்டு வழிகள் இருந்தன. கமராவின் கதவை, அதாவது ஷட்டரை, சட்டென்று மூடுவது ஒன்று. 1878இல் 12 கமராக்களின் முன்னே ஓடிய, சென்ற இதழில் பார்த்த மைபிரிட்ஜின் குதிரை அந்த வழிக்கு உதாரணம். மற்ற வழி எளிமையானது. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, வெளிச்சத்தை மட்டும் ஒரு கணம் வெட்டி மறையச் செய்வது. மழை இரவில் மின்னல் வெட்டும்போது, ஆடிக்கொண்டிருந்த தென்னை ஓலை அப்படியே உறைந்து தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே தந்திரம்தான். 1851இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் இதைச் செய்து காட்டினார். சுழலும் தட்டில் ஒட்டிய செய்தித்தாளை லேடன் சாடியின் மின்பொறி வெளிச்சத்தில் படமெடுத்தார். எழுத்துகளை வாசிக்க முடிந்தது.

இந்த வழியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆர்தர் மேசன் வொர்த்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியல் ஆசிரியர். அவர் படிக்க விரும்பியது குதிரையையோ துப்பாக்கிக் குண்டையோ அல்ல. கோப்பைக்குள் விழும் ஒரு துளியை.

1870களில் அவர் தொடங்கியபோது கையில் இருந்தவை மின்பொறியும் பென்சிலும்தான். இருட்டறையில் துளி விழும். சரியான கணத்தில் பொறி வெட்டும். கண்ணில் தங்கிய அந்த ஒரு காட்சியை உடனே தாளில் வரைவார். பொறி வெட்டும் நேரத்தை இம்மியளவு தள்ளி வைத்து அடுத்த துளி, அடுத்த ஓவியம். நேரத்தைத் தள்ளிவைக்க அவர் கண்ட வழி அழகானது. துளியோடு ஒரு சிறு குண்டையும் ஒரே சமயத்தில் விழவிட்டார். குண்டு கீழே வந்துசேரும்போது பொறியைத் தூண்டும். குண்டு விழும் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் பொறியின் நேரமும் கொஞ்சம் மாறும். இப்படித் துளி மோதுவது, கிண்ணமாக விரிவது, கிண்ணத்தின் விளிம்பில் முத்துகள் கோப்பது, நடுவிலிருந்து நீர்த்தூண் எழுவது என்று முழுக் கதையையும் வரைந்து முடித்தார். எல்லாம் கோலம் போல ஒழுங்கு. ஒவ்வொரு பக்கமும் மற்றதற்குச் சமம்.

1894இல்தான் அவரால் அதைப் புகைப்படமாகப் பிடிக்க முடிந்தது. ஒரு செக்கனின் மில்லியனில் சில பங்கு நேரமே நீடித்த பொறி அதற்கு உதவியது. தட்டுகளைக் கழுவிப் பார்த்தபோது வொர்த்திங்டனுக்குச் சங்கடம். விளிம்பு கோணல். முத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு பக்கத்துக் கதிர் நீண்டும் மறுபக்கத்தது குட்டையாகவும் இருந்தன. இருபது ஆண்டுகளாக அவர் வரைந்த கோலம் எந்தத் துளியிலும் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. பழைய ஓவியங்களை எடுத்துப் பார்த்தபோது, கோணலாகத் தெரிந்தவற்றையும் அவ்வப்போது வரைந்து வைத்திருந்ததைக் கண்டார். அச்சுக்குத் தேர்ந்தபோது அவற்றைப் 'பிழையான துளி' என்று ஒதுக்கி, ஒழுங்கானதை எடுத்துக்கொண்டிருக்கிறார். கண் பார்த்ததை மனம் திருத்திவிட்டது. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே வொர்த்திங்டனை மதிக்கலாம். 1908இல் வெளிவந்த தெறிப்புகள் பற்றிய அவருடைய நூலில் இருந்தவை கோணல் துளிகளின் படங்கள்.

இங்கே ஒரு நம்மவர் வருகிறார். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வாங்கியதால் அவருடைய முந்தைய ஆய்வுகள் நிழலில் போய்விட்டன. கல்கத்தா பவ்பஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவர் வயலினின் நரம்பு அதிர்வதைப் புகைப்படத்தில் பிடித்தார்; கோளங்கள் மெல்ல மோதிக்கொள்வதைப் புகைப்படத்தால் ஆராய்ந்து 1918இல் கட்டுரை எழுதினார். 1920இல் அசுதோஷ் தேயுடன் சேர்ந்து லண்டனின் ஃபிலாசஃபிக்கல் மெகசினில் வெளியிட்ட கட்டுரையின் பொருள் 'தெறிப்பின் ஒலி'. வொர்த்திங்டன் துளியைப் பார்த்தார் என்றால் இராமன் அதைக் கேட்டார். மோதலின் ஒலி மீது அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஆசைக்கு அளவில்லை. மிருதங்கத்தின் தோலில் சாதம் அப்பிய இடத்தையும் இதே காதோடுதான் ஆராய்ந்தார்.

கூரை ஒழுகி வாளியில் சொட்டும் 'டொக்' எதனால் வருகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வாலும் சாம் பிலிப்ஸும் அதிவேகக் கமராவும் ஒலிவாங்கியும் வைத்துக் காட்டியது 2018இல். துளி மோதுவதால் அந்த ஒலி பிறப்பதில்லை. மோதிய பள்ளத்தின் அடியில் சிக்கிக்கொள்ளும் ஒரு சிறு காற்றுக்குமிழி அதிர்ந்து நீர்ப்பரப்பையே ஒலிபெருக்கியாக்குகிறது. வாளியில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை விட்டால் சத்தம் நின்றுவிடும். வீட்டில் இன்றே செய்து பார்க்கலாம்.

துளியை உலகப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹரோல்ட் எட்ஜர்ட்டன். வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி மின்னல் போன்ற ப்ளாஷை உண்டாக்கி, பால்துளி கிரீடமாக விரிவதை 1936இல் கறுப்பு வெள்ளையில் பிடித்தார். சிவப்புத் தட்டில் விழும் அந்தப் புகழ்பெற்ற வண்ணப்படம் 1957இனுடையது. நடுவே இருபத்தோரு ஆண்டுகள். அவர் தேடியது எல்லா முத்துகளும் சமமாக நிற்கும் கிரீடத்தை. வொர்த்திங்டன் கைவிட்ட அதே கோலத்தைக் கமராவோடு தேடிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை. 1957ஆம் ஆண்டுப் படத்தை உற்றுப் பாருங்கள்: அதிலும் முத்துகள் சமமில்லை.

மாத்தளையில் இதைச் செய்ய எம்.ஐ.டி. ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கணக்கு மட்டும் புரிந்தால் போதும். 50 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் துளி, கீழே வரும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தில் இருக்கும். ஷட்டரை 1/1000 செக்கனுக்கு வைத்தால் அந்த நேரத்துக்குள் துளி 3 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். துளியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே படம் கலங்கும். ப்ளாஷோ வேறு ரகம். முழுச் சக்தியில் எரிந்தால் மெதுவாக எரியும். சக்தியைக் குறைக்கக் குறைக்கச் சீக்கிரம் அணையும். ஆகக் குறைந்த அளவில் வைத்தால் சாதாரண கைப் ப்ளாஷே 1/20,000 செக்கன் அளவில் வெட்டி மறைகிறது. அதற்குள் துளி நகர்வது ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்குதான். ப்ளாஷை இன்னும் பிரகாசமாக்கத்தான் புதியவர்களின் கை முதலில் போகும். அங்கேதான் பிழை. பிரகாசத்தைக் குறைத்துவிட்டு ப்ளாஷைத் துளிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

மிச்சம் பொறுமை. அறையை இருட்டாக்கி, கமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஷட்டரை ஒரு செக்கனுக்குத் திறந்துவைக்க வேண்டும். துளி விழும் இடத்தில் ஒரு பேனையைக் குறுக்கே வைத்து, அதன் மீது லென்ஸைக் கையால் குவியப்படுத்தி, பேனையை எடுத்துவிட வேண்டும். துளி ஒரே அளவில் ஒரே இடத்தில் விழ, சேலைன் குழாயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதிலிருக்கும் சக்கரத்தைத் திருகினால் சொட்டும் வேகம் கைவசப்படும். தண்ணீர் ஒளியை ஊடுருவ விட்டுவிடும். பால் வெள்ளையாக நின்று ஒளியை ஏந்தும். நம் ஊர்ச் சமையலறையில் தேங்காய்ப்பால் இருக்கும்போது பசும்பாலை வீணாக்குவானேன்? முதல் துளி எழுப்பும் நீர்த்தூணின் தலையில் இரண்டாவது துளி சரியாக வந்து மோதினால் குடை விரியும். அந்தக் குடைக்காக ஒரு மாலைப்பொழுதில் இருநூறு படங்கள் எடுத்துவிட்டு, பிடித்தது இரண்டு என்று சொல்பவர்கள் நேர்மையானவர்கள்.

வொர்த்திங்டனுக்குத் தட்டைக் கழுவும்வரை விடை தெரியாது. இன்று எடுத்த மறுகணமே திரை சொல்லிவிடுகிறது: முந்திவிட்டாய், பிந்திவிட்டாய், உயரத்தைக் கூட்டு. இந்தப் பார்த்துத் திருத்தல்தான் பெரிய மாற்றம். துளிக்கு அது நடந்தது போலவே ஒரு மனிதனின் கைக்கும் நடந்தது.

சீகிரியாவிலிருந்து தம்புள்ளை கூப்பிடு தூரம். அங்கே ரங்கிரி தம்புள்ளை விகாரையிடம் குத்தகைக்கு எடுத்த 60 ஏக்கர் நிலத்தில், 167 நாட்களில் கட்டி முடித்த கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி 2001 மார்ச் 23ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. மாத்தளை மாவட்டத்தில் அதிவேகப் படப்பிடிப்பு பிழைப்பாகவும் நடக்கும் இடம் என்றால் அந்த எல்லைக்கோட்டோரம்தான். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து 1/1000 செக்கனில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் போய்விடுகிறது, அதாவது பந்தின் அகலத்தில் பாதிக்கும் மேல். அங்கே ப்ளாஷ் போட முடியாது. வெயில்தான் துணை.

தம்புள்ளையில் பலமுறை பந்து வீசியவர் பக்கத்து மாவட்டமான கண்டியின் முத்தையா முரளிதரன். வெறுங்கண்ணால் அவர் அளவுக்குச் சந்தேகிக்கப்பட்ட பந்துவீச்சாளர் இல்லை. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை நோபோல் என்றார். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன், 1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் எமர்சன். அடிலெய்டில் இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். குற்றச்சாட்டு ஒன்றே: வீசும்போது கை மடங்கி நிமிர்கிறது, அவர் வீசவில்லை, எறிகிறார்.

பிறவியிலேயே முரளியின் வலது முழங்கை முழுதாக நிமிராது. மடங்கிய கை மடங்கியபடியே தோளைச் சுற்றி வேகமாகச் சுழன்றால், ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிமிர்வது போலத் தோன்றும். அரிவாளைக் கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் வளைவு, இன்னொரு கோணத்தில் நேர்கோடு. தொலைக்காட்சிக் கமராவும் ஒற்றைக் கண்தான். மெதுவாக ஓட்டிக் காட்டினாலும் அது அதே மாயத்தை மெதுவாகக் காட்டும், அவ்வளவே. ஒரு திசையிலிருந்து எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஆழத்தைச் சொல்லாது. இதை மறந்து, அந்த நாட்களில் உறைந்த படங்களைப் பத்திரிகையில் போட்டு அம்புக்குறி வரைந்து தீர்ப்பெழுதியவர்கள் பலர்.

1996இல் பேர்த் நகரின் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய கையை அதிவேகக் கமராக்களால் ஆராய்ந்தார்கள். எறிவது போன்ற தோற்ற மயக்கம் என்ற முடிவோடு சர்வதேச கிரிக்கெட் பேரவை அவரை விடுவித்தது. பிறகு வந்தது தூஸ்ரா, ஒஃப் ஸ்பின் போல வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து. 2004 மார்ச்சில் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் அதைப் பற்றி முறைப்பாடு எழுதினார். மீண்டும் பேர்த். இம்முறை கையில் ஒளியைத் திருப்பியடிக்கும் குண்டுமணிகளை ஒட்டி, சுற்றிலும் நின்ற கமராக்கள் அவற்றின் இடத்தை முப்பரிமாணத்தில் கணக்கிட்டன. தூஸ்ராவில் முழங்கை நிமிர்ந்த அளவு சராசரி 14 பாகை. எண்ணைக் காட்டி, திருத்தி, மீண்டும் வீசச்செய்து அளந்தார்கள். அது 10.2க்கு இறங்கியது. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று அனுமதித்த அளவோ 5 பாகை. தூஸ்ராவைப் போடக் கூடாது என்றார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், உருக்குக் கம்பிகளைப் பிசினில் பதித்த ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, முழங்கையை அசைக்கவே முடியாத நிலையில், முரளி தூஸ்ரா உட்படத் தன் பந்துகளைத் தொலைக்காட்சிக்காக வீசிக் காட்டினார். பார்த்தவர்களின் கண்ணுக்கு அப்போதும் கை நிமிர்வது போலத்தான் இருந்தது.

கதையின் திருப்பம் செப்டெம்பரில். இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணத்தில் பந்துவீச்சாளர்களின் கைகளைப் படமெடுத்து அளந்தார்கள். சுத்தமான கை என்று உலகமே பாராட்டிய கிளென் மெக்ராத், ஷோன் பொல்லொக் போன்றவர்களின் கையும் வேகப்பந்துக்கு இருந்த 10 பாகை எல்லையைத் தாண்டியிருந்தது. பழைய சட்டத்தின்படி பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோரும் எறிந்துகொண்டிருந்தார்கள். நேரான கை என்று கிரிக்கெட் நூறாண்டுகளாக நம்பியது வொர்த்திங்டனின் சமச்சீர்த் துளியைப் போன்றதுதான். 2005 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து எல்லோருக்கும் ஒரே எல்லை: 15 பாகை. அதற்கு மேல் போனால்தான் நிமிர்வது வெறுங்கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பது அந்த எண்ணுக்குச் சொல்லப்பட்ட காரணம். முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் மெக்ராத்தின் எண்ணைச் சொல்வதில்லை.

2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் 800ஆவது விக்கெட்டோடு முரளி டெஸ்ட் அரங்கை விட்டார். நான்கு நாட்களில் அந்த வெற்றிடத்துக்கு வந்து டெஸ்ட் தொப்பி அணிந்தவர் சுராஜ் ரந்திவ். ஆகஸ்ட் 16ஆம் திகதி அதே ரந்திவ் தம்புள்ளையில் பந்தோடு நின்றார். இந்தியாவுக்கு வெற்றிக்குத் தேவை ஒரு ஓட்டம். எதிரே வீரேந்தர் சேவாக் 99. ரந்திவ் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார். சேவாக் ஆறு அடித்தார். நோபோலுக்கான ஓட்டத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த ஆறு கணக்கில் வரவில்லை. இலங்கைக் கிரிக்கெட் ரந்திவை ஒரு போட்டிக்கு நிறுத்தியது, அதற்கு யோசனை சொன்ன சக வீரர் டில்ஷானிடம் அபராதம் வாங்கியது. அந்தக் காலடியைப் பார்க்க அதிவேகக் கமராவோ குண்டுமணியோ தேவைப்படவில்லை. நடுவருக்கு வெறுங்கண்ணே போதுமாயிருந்தது. புள்ளிப்பட்டியலில் சேவாக் இன்றும் ஆட்டமிழக்காமல் 99.

(தொடரும்)